லண்டன் செயின்ட் பால் பேராலயப் பள்ளி: கொயர் பிள்ளைகளுக்கு எப்படி?

பிள்ளையைக் கொயரில் (பேராலயப் பாடகர் குழுவில்) சேர்க்க நினைப்பவர்கள் முதலில் ஒரு வாரநாள் மாலை ஆராதனைக்குப் போய் உட்காருங்கள். ஆராதனைக்குக் கட்டணம் கிடையாது. குவிமாடத்தின் கீழ் எழும் ஒலி அடங்கச் சுமார் 9 நொடி ஆகும். ஒரு சொல்லின் கடைசி மெய்யொலியை ஒரு பிள்ளை பிந்தி விட்டாலும் அடுத்த அடி கலங்கிவிடும். அந்த இடத்தில் சிறு பிள்ளைகள் சொல் பிசகாமல் பாடுவது இந்தப் பள்ளியின் தரத்துக்கு நல்ல சான்று.

கொயர் பயிற்சியின் உயிர்நாடி சங்கீதங்கள், அதாவது பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் உள்ள பாடல்கள். இவற்றைப் பாட இங்கிலாந்து திருச்சபை கையாளும் ஆங்கிலிக்கன் சாண்ட் என்ற மெட்டு முறையில் ஒரு வசனத்துக்கு 10 சுரங்கள்தான்; வசனம் நீண்டாலும் குறுகினாலும் அதே 10. வசனத்தின் ஒவ்வொரு பாதியிலும் பெரும்பாலான சொற்கள் முதல் சுரத்திலேயே பேச்சு நடையில் ஓடும், முடிவில்தான் மெட்டு நகரும். புதியவர்கள் அந்த முதல் சுரத்தில் அவசரப்பட்டு முடிவில் இழுப்பார்கள். மெட்டில்லாமல் வசனத்தை ஒருமுறை வாசித்து, அதே வேகத்தில் பாட வைத்தால் இது சரியாகும். அந்தத் திருச்சபையின் பழைய ஜெபப் புத்தகம் 150 சங்கீதங்களையும் 30 நாளுக்குப் பங்கிட்டிருக்கிறது. அதில் 15ஆம் தேதி மாலைக்கு வருவது 78ஆம் சங்கீதம், 70 வசனங்களுக்கு மேல்! இப்படிப் பாடி வளரும் பிள்ளைக்கு இசைக் குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் பாடும் திறமை வந்துவிடும். குரல் உடைந்த பிறகும் அது போகாது.

குரல் தேர்வு பெரும்பாலும் 7 வயதை ஒட்டி நடக்கும். இத்தகைய தேர்வுகளில் தயாரித்த பாட்டு ஒன்று, தட்டிக் காட்டும் தாளத்தைத் திருப்பித் தட்டுவது, ஒன்றாக ஒலிக்கும் மூன்று சுரங்களில் நடுச் சுரத்தைப் பாடுவது, ஒரு பத்தியை உரக்க வாசிப்பது ஆகியவை வழக்கம். கடினமான பாட்டைத் திணிப்பதுதான் பெற்றோர் செய்யும் பெரிய தவறு. பிள்ளை நெஞ்சுக் குரலை (பேசும்போது வரும் கனத்த குரலை) மேலே தள்ளும், சுருதி இறங்கும். எளிய பாமாலை ஒன்று போதும்.

பள்ளியின் வேர் 1123இல் இருக்கிறது. ஆராதனையில் பாடும் சிறுவர்களுக்குக் கல்வி தர அப்போதே ஏற்பாடானது. முதலாம் எலிசபெத் ராணி காலத்தில் இந்தச் சிறுவர்கள் நாடகமும் நடித்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் இருண்ட காலம். படிப்பைக் கவனிக்க ஆளில்லை, கச்சேரிகளுக்குச் சிறுவர்களை வாடகைக்கு அனுப்பினார்கள். இதை எதிர்த்துப் பல்லாண்டு கடிதம் எழுதிப் போராடியவர் மரியா ஹாக்கெட். பேராலயம் பேராலயமாகச் சென்று கொயர் சிறுவர்களின் நிலையை விசாரித்த அந்த அம்மையார் 1874இல் இறந்தார். அதே பத்தாண்டில்தான் பேராலயத்தின் அருகே கார்ட்டர் லேன் தெருவில் பள்ளிக்குத் தனிக் கட்டடம் எழுந்தது. இங்கே சிறுவனாகப் பாடிய ஜான் ஸ்டெய்னர் 1872இல் ஆர்கனிஸ்டாக (ஆர்கன் இசைப்பவராக) திரும்பி வந்து கொயரைச் செம்மைப்படுத்தினார்.

குறையும் உண்டு. சாலிஸ்பரி பேராலயம் 1991இலேயே சிறுமியர் கொயரைத் தொடங்கியது. இங்கே சிறுமியருக்கு இடம் கிடைத்தது 2020களில்தான். இத்தனை தாமதத்துக்கு நியாயம் இல்லை.

கொயர் பிள்ளைகள் விடுதியில் தங்க வேண்டும். பேராலயம் ஏற்கும் கட்டணம் எது, வீட்டுப் பொறுப்பு எது என்பதை விண்ணப்பிக்கும் ஆண்டிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கிறிஸ்துமஸ் நாளன்றும் ஆராதனை உண்டு. அது முடிந்த பிறகுதான் பிள்ளை வீட்டுக்கு வரும்.