எந்த மோட் உண்மையிலேயே நாலு சக்கரத்தையும் தொடுகிறது?

நாலு சக்கரமும் இழுக்கும் கார், அதாவது ஆல்வீல் அல்லது ஃபோர்வீல், வாங்கப் போகிறவருக்கு விற்பனைக் கூடத்தில் முதலில் காட்டப்படுவது கியருக்குப் பக்கத்தில் இருக்கும் டயல்தான். ஈகோ, நார்மல், ஸ்போர்ட், ஸ்னோ, மட் என்று வரிசையாக மோட்கள். திருப்பத் திருப்பத் திரையில் மலை வருகிறது, சேறு வருகிறது, விளக்கின் நிறம் மாறுகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இதைத் திருப்பினால் முன்னுக்கும் பின்னுக்கும் போகிற இழுவிசையின் பங்கு மாறுமா, இல்லை ஆக்சிலரேட்டரை மிதித்தால் கார் சீறுகிற விதம் மட்டும் மாறுமா? பல கார்களில் பதில் இரண்டாவதுதான். அதை வாய்விட்டுச் சொல்கிற விற்பனையாளர் குறைவு.

மலேசியாவின் பினாங்குத் தீவுக்காரர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை. ஜார்ஜ்டவுனின் தட்டையான சாலைக்கு ஆல்வீலே தேவையில்லை. ஆனால் பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் புலாவுக்கு ஏறி இறங்கும் ஜாலான் துன் சார்டோன் மழையில் நனைந்தால் வேறு கதை. அதைத் தாண்டி டுரியான் தோட்டங்களுக்குள் போனால், பாசி பிடித்த ஒற்றைத் தட சிமெண்ட் ஏற்றம் முடிந்து செம்மண் தொடங்கும். நனைந்த தார், பாசி சிமெண்ட், செம்மண். இங்கே விற்கிற ஆல்வீல் கார்களை இந்த மூன்றில்தான் எடை போட வேண்டும். பனிமலைப் படம் போட்ட கையேட்டை வைத்து அல்ல.

முதலில் எளிதானது. 2017-இல் இங்கே வந்த ஐந்தாம் தலைமுறை ஹோண்டா சிஆர்-வியின் ஃபோர்வீல் வகையில் இழுவைக்கென்று ஓட்டுநர் தொடக்கூடிய பொத்தானே கிடையாது. ஈகான் பொத்தான் இருக்கிறது, ஆனால் அது மிதியையும் ஏர்கோனையும் மந்தப்படுத்தும், அவ்வளவுதான். பின் சக்கரத்துக்கு எப்போது, எவ்வளவு என்பதை கம்ப்யூட்டரே முடிவு செய்து, பின் அச்சை இணைத்தும் விடுவித்தும் வைக்கும் கிளட்சை இறுக்கும். சாதாரண ஓட்டத்தில் வண்டி பெரும்பாலும் முன் சக்கரத்தில்தான் போகும்.

அதே வகையில் 2015-இல் வந்த நிசான் எக்ஸ்-டிரெயில் 2.5 ஃபோர்வீலைப் பாருங்கள். டயலில் மூன்றே நிலை: 2டபிள்யூடி (முன் சக்கரம் மட்டும்), ஆட்டோ, லாக். உள்ளே இருப்பது சிஆர்-வி போலவே கிளட்ச் வகைதான். ஆனால் லாக் போட்டால் கார் சறுக்கும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே கிளட்சை இறுக்கிக்கொள்கிறது. வேகம் கூடினால் தானாக ஆட்டோவுக்குத் திரும்பிவிடும். தோட்ட வாசலில் இந்த ஒரு வித்தியாசம் நன்றாகத் தெரியும். பாசி ஏற்றத்தில் ஆட்டோவில் கிளம்பினால் முன் சக்கரம் முதலில் அரைச் சுற்று வழுக்கும், பிறகுதான் பின்பக்கம் கை கொடுக்கும். அந்த அரைச் சுற்றில் கார் ஒரு சாண் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டால், ஓரத்தில் கால்வாய் இருக்கிற இடத்தில் வயிற்றைக் கலக்கும். இவை இரண்டில் என் ஓட்டு எக்ஸ்-டிரெயிலுக்கு. அழகான திரையெல்லாம் இல்லை, ஆனால் டயலில் என்ன எழுதியிருக்கிறதோ அதைச் செய்கிறது.

ஒன்று மட்டும் கவனம். இந்தக் கிளட்ச் வகைகளை நீண்ட நேரம் சேற்றில் உருட்டினால் சூடேறும். பல கார்களில் சூடு தாண்டினால் கம்ப்யூட்டர் பின்பக்க இழுவையை அறுத்துவிட்டு விளக்கைக் காட்டும். அப்போது கையில் இருப்பது கனமான ஒரு முன்சக்கரக் கார்.

சுபாரு ஃபாரெஸ்டர் வேறு சாதி. நாலு சக்கரமும் எப்போதும் இணைந்தே இருக்கும். சாதாரண நிலையில் பங்கு சுமார் 60:40, முன்பக்கம் அதிகம். இதில் இரண்டு கட்டுப்பாடுகள் இருப்பதால் புதிதாக வாங்குகிறவர்கள் குழம்புகிறார்கள். ஸ்டியரிங்கில் இருக்கும் எஸ்ஐ-டிரைவ், அதாவது ஐ, எஸ் என்ற எழுத்துகள், எஞ்சினும் கியர்பாக்ஸும் பதில் சொல்லும் விதத்தை மட்டும் மாற்றும். எஸ் போட்டால் மழையில் பிடிப்பு கூடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கூடாது. மிதி கூர்மையாகிவிடுவதால் நனைந்த வளைவில் சக்கரம் வழுக்குவதுதான் இன்னும் எளிதாகும்.

உண்மையான வேலை எக்ஸ்-மோடில் இருக்கிறது. அதை அழுத்தினால் நாலைந்து காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். மிதி மென்மையாகும், கியர் தாழ்ந்த நிலையில் நிற்கும், முன்பின் இணைப்பு இறுகும், வழுக்கி வீணாகச் சுற்றும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து நிறுத்திப் பிடிப்புள்ள எதிர்ச் சக்கரத்துக்கு விசையைத் தள்ளும். சிமெண்ட் ஏற்றத்தில் ஒரு சக்கரம் பள்ளத்துக்கு மேலே தொங்கும்போது கேட்டுப் பாருங்கள்: அடியிலிருந்து டிக்டிக்கென்று வேகமாக ஒரு சத்தம், மிதியில் லேசான அதிர்வு, ஒரு நொடி கார் யோசிப்பது போல நிற்கும், அப்புறம் மெதுவாக ஏறும். புதியவர்கள் அந்த நொடியில் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கக் கூடாது, அதே அளவில் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும்.

எக்ஸ்-மோடுக்கு எல்லை மணிக்கு 40 கிலோமீட்டர். அதற்கு மேல் போனால் விலகிவிடும். ஆகவே துன் சார்டோனில் மழைக்காக அதைப் போட்டு ஓட்டலாம் என்பது வேலைக்காகாது, அங்கே ஃபாரெஸ்டரின் சாதாரண நிலையே போதும். இறக்கத்தில்தான் இதற்கு இன்னொரு பயன். எக்ஸ்-மோடோடு சேர்ந்து வரும் இறக்கக் கட்டுப்பாடு 20 கிலோமீட்டருக்குக் கீழே வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும், ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். தோட்டத்திலிருந்து பழக்கூடைகளோடு இறங்குகிறவருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரிய பாடு என்பதால், இதை நான் எக்ஸ்-மோடின் சிறந்த பகுதியாகவே வைப்பேன். புதிய ஃபாரெஸ்டர் சிலவற்றில் எக்ஸ்-மோடே இரண்டு நிலை: ஸ்னோ/டர்ட் ஒன்று, டீப் ஸ்னோ/மட் இன்னொன்று. பனி என்றால் குளிர்பெட்டிக்குள் மட்டும் பார்க்கிற ஊரில் இந்தப் பெயர்களைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் அர்த்தம் உண்டு. முதலாவது வழுக்கலை உடனுக்குடன் அடக்கும், நனைந்த புல்லுக்கும் பாசிக்கும் அது சரி. இரண்டாவது சக்கரம் கொஞ்சம் சுற்றவே விடும், ஏனென்றால் ஆழமான சேற்றில் டயர் சுற்றினால்தான் இடுக்கில் அடைத்த மண்ணை உதறும். செம்மண்ணில் ஸ்னோ போட்டு மாட்டிக்கொண்டால் காரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்தது பிக்கப். தோட்டக்காரர்களின் உண்மையான வாகனம் இதுதான், குழப்பமும் இங்கேதான் அதிகம். டொயோட்டா ஹைலக்ஸ் ஃபோர்வீலின் டயலில் எச்2, எச்4, எல்4. பக்கத்திலேயே ஈகோ, பவர் பொத்தான்கள். பொத்தான்கள் எஞ்சினுக்கு, டயல் சக்கரத்துக்கு. பவரை அழுத்திவிட்டு ஃபோர்வீலில் இருப்பதாக நினைப்பவர் எச்2-இல், அதாவது பின்சக்கர இழுவையில் மட்டும் போகிறார். எச்2-இலிருந்து எச்4-க்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே, 80 கிலோமீட்டருக்குக் கீழே மாற்றலாம். எல்4-க்கு, அதாவது தாழ்ந்த கியர் ஃபோர்வீலுக்கு, வண்டியை நிறுத்தி நியூட்ரலுக்கு வர வேண்டும்.

எச்4-இல் முன் அச்சும் பின் அச்சும், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் என்ற கியர் நடுவில் இல்லாமல், ஒன்றாகப் பூட்டப்படுகின்றன. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட தூரம் ஓட வேண்டும், பூட்டிய அச்சு அதற்கு விடாது. மண்ணில் டயர் கொஞ்சம் நழுவி அந்த வித்தியாசத்தைக் கழித்துவிடும். காய்ந்த தாரில் நழுவ வழியில்லை, முறுக்கு உள்ளேயே சேரும். பாலிக் புலாவில் பழம் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இதை ஒரே வரியில் சொன்னார்: “தம்பி, எச்4-லயே கார் பார்க்குக்குள்ள போயிடாதீங்க, வண்டி உங்களைத் திட்டும்.” உண்மைதான். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பினால் வண்டி பிரேக் பிடித்தது போல முரண்டு பிடிக்கும், டயர் கிறீச்சிட்டுத் தத்தித் தத்தி நகரும், மாற்றிய பிறகும் எச்4 விளக்கு உடனே அணையாது. கொஞ்சம் பின்னால் எடுத்தால் முறுக்கு தளர்ந்து விடும். இதையே வழக்கமாக்கினால் கியர் பட்டறைக்காரருக்குத்தான் கொண்டாட்டம்.

இதன் விளைவு, நனைந்த துன் சார்டோனில் ஹைலக்ஸ்காரர் இக்கட்டில் இருக்கிறார். எச்2-இல் காலிப் பெட்டியோடு போனால் பின்பக்கம் கனமில்லாமல் வழுக்கும், எச்4 போட்டால் தார் வளைவில் முறுக்கும். மழை நீர் பட்ட தார், பூட்டிய அச்சுக்குத் தேவையான அளவு நழுவ இடம் தராது. நிதானமாக எச்2-இல் ஓட்டுவதைத் தவிர வழியில்லை.

மிட்சுபிஷி ட்ரைட்டனின் சூப்பர் செலக்ட் அமைப்பு இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. அதன் டயலில் நான்கு நிலை: 2எச், 4எச், 4எச்எல்சி, 4எல்எல்சி. நடுவில் டார்சன் என்ற வகை டிஃபரன்ஷியல் இருப்பதால் 4எச்-ஐத் தார்ச்சாலையில் போட்டு ஓட்டலாம், பங்கு முன்னே 40, பின்னே 60. மழை பிடித்தால் 2எச்-இலிருந்து 4எச்-க்கு ஓட்டத்திலேயே மாற்றிக்கொண்டு வளைவுகளை எடுக்கலாம், முரண்டு கிடையாது. மண் தொடங்கினால் 4எச்எல்சி, அதாவது நடு டிஃபரன்ஷியலைப் பூட்டிய நிலை, ஹைலக்ஸின் எச்4-க்கு நிகர்; அதுவே தாழ்ந்த கியரில் 4எல்எல்சி. தீவில் தாரும் தோட்டமும் மாறி மாறி வருகிற ஒருவருக்கு, இந்த ஒரு கூடுதல் நிலைக்காகவே நான் ட்ரைட்டன் பக்கம் சாய்வேன். ஹைலக்ஸின் உறுதி, மறுவிற்பனை மதிப்பு எல்லாம் சரி. மோட் பற்றிய கணக்கில் அது பின்தங்குகிறது.

பொழுதுபோக்குக்காக ஒரு கார்: 2021-இல் மலேசியாவுக்கு வந்த டொயோட்டா ஜிஆர் யாரிஸ். இதன் ஃபோர்வீல் டயல் மிதியையோ ஸ்டியரிங்கையோ தொடவே தொடாது, பங்கை மட்டும் மாற்றும். முன்னுக்கும் பின்னுக்கும் நார்மலில் 60:40, ஸ்போர்ட்டில் 30:70, டிராக்கில் 50:50. 2024-இல் மேம்படுத்திய காரில் ஸ்போர்ட்டின் இடத்தில் கிராவல் என்று பெயர் வைத்து 53:47 ஆக்கினார்கள், டிராக்கில் பங்கு 60:40-க்கும் 30:70-க்கும் இடையே தானே மாறும். வேறொரு காரில் ‘ஸ்போர்ட்’ என்றால் சத்தம் கூடும், இதில் பின்பக்கம் வால் ஆட்டத் தயாராகும். நனைந்த மலைச்சாலையில் 30:70 போட வேண்டுமா? வேண்டாம், நார்மலிலேயே இருங்கள். அதையும் மீறி மைவி என்ற சின்ன உள்ளூர்க் கார் ஒன்று உங்களை முந்திக்கொண்டு போகும், அது இந்த நாட்டின் விதி.

மின்சாரக் கார்களில் மேலே சொன்ன ‘ஸ்போர்ட், ஈகோ சக்கரத்தைத் தொடாது’ என்ற கணக்கு தலைகீழாகலாம். ஹூண்டாய் ஐயோனிக் 5 ஆல்வீலில் முன்னுக்கும் பின்னுக்கும் இடையே தண்டே இல்லை, இரண்டு தனி மோட்டார்கள். மின்சாரம் மிச்சம் பிடிக்க முன் மோட்டாரைச் சக்கரத்திலிருந்து கழற்றிவிடும் ஏற்பாடு உண்டு. ஈகோவில் பெரும்பாலும் பின் மோட்டார் மட்டும் தள்ளும், ஸ்போர்ட்டில் இரண்டும் சேர்ந்து இயங்கும். ஆக இங்கே ஈகோ என்பது ஏறக்குறைய பின்சக்கரக் கார். தேவைப்பட்டால் முன் மோட்டார் கணத்தில் சேரும், அதனால் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பிஒய்டி சீலின் ஆல்வீல் வகையில் முன்னே 160, பின்னே 230 கிலோவாட். அவ்வளவு வலு கையில் இருக்கும்போது நனைந்த சாலையில் ஸ்னோ மோடின் மென்மையான மிதிதான் உண்மையான வரம். இரண்டு காருமே தோட்டப் பள்ளத்துக்குள் இறக்க உகந்தவை அல்ல, அடிவயிற்றில் இருப்பது பேட்டரி.

பிரேக்கைப் பற்றி. எல்லாக் காரிலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இருக்கிறது. ஆல்வீல் இருப்பதால் நிற்கும் தூரம் குறையாது, எந்த மோடும் பினாங்குப் பாலத்தில் தேங்கிய நீர்மேல் மிதக்கும் டயரைத் தரைக்குக் கொண்டுவராது. 2017 நவம்பரில் தீவே வெள்ளத்தில் நின்றது. டயர் தரையை விட்டு எழும்பிவிட்டால் ஃபோர்வீலும் ஒன்றுதான், டூவீலும் ஒன்றுதான். சட்டம் கேட்கும் டயர் ஆழம் 1.6 மில்லிமீட்டர். மழைக்காலத்தில் அதுவரை தேய விடுவது வீண் துணிச்சல்.

ஆல்வீல் கார்களுக்கு டயரில் இன்னொரு கட்டாயம் உண்டு. நாலும் ஒரே பிராண்ட், ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். சுபாரு போன்ற எப்போதும் இணைந்த வகைகளில் சுற்றளவு கால் அங்குலத்துக்கு மேல் வேறுபடக் கூடாது என்பார்கள். இல்லாவிட்டால் நேர்ச்சாலையிலேயே கிளட்ச் ஓயாமல் உராய்ந்துகொண்டிருக்கும். பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறப்பதற்கு முன் நாலு டயரையும் குனிந்து பாருங்கள். இரண்டு புதிதாகவும் இரண்டு மொட்டையாகவும் இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது அடுத்த காருக்குப் போங்கள்.

நகரத்தை விட்டு வெளியே போகாதவர் இந்தச் செலவையெல்லாம் மறந்துவிட்டு நல்ல டயர் போட்ட முன்சக்கரக் காரே வாங்கலாம். குடும்பத்தோடு மலைச்சாலை, எப்போதாவது தோட்டம் என்றால் ஃபாரெஸ்டர். செலவு குறைவாக வேண்டும் என்றால் பழைய எக்ஸ்-டிரெயில். பழம் ஏற்றுகிறவர் என்றால் ட்ரைட்டன், ஆனால் எல்லா ட்ரைட்டனிலும் சூப்பர் செலக்ட் கிடையாது. விளம்பரத்தில் ‘ஃபோர்வீல்’ என்று போட்டிருப்பதை நம்பாமல் கதவைத் திறந்து டயலைப் பாருங்கள். 4எச்-க்கு அடுத்து 4எச்எல்சி என்ற எழுத்து இருந்தால் அது தாருக்கும் சேர்த்து ஃபோர்வீல். 2எச், 4எச், 4எல் என்று மூன்றோடு நின்றால், ஹைலக்ஸுக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும்.