தைராய்டு மாத்திரையைக் கூட்டுவதா, ஹார்மோன் ஜெல்லுக்குப் போவதா? 45 வயதுக் குழப்பம்

ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிட்டு வரும் பெண்ணுக்கு 44, 45 வயதில் தூக்கம் கெடுகிறது, எடை ஏறுகிறது, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, அடுக்களைக்குப் போய் நின்றால் எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோகிறது. வீட்டில் உடனே "தைராய்டு ஏறியிருக்கும், டோஸைக் கூட்டச் சொல்லு" என்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்காவோ "பீரியட்ஸ் நிற்கிற வயசு, எல்லாருக்கும் வர்றதுதான், பொறுத்துக்கோ" என்கிறார். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் சோதனை எதுவும் செய்யாமல் இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள், எனக்கு அதுதான் தாங்கவில்லை. தைராய்டு குறைபாடு நம் ஊரில் அபூர்வமான நோயே கிடையாது. சென்னை உட்பட 8 நகரங்களில் எடுத்து 2013-ல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய 11 சதவீதம் பேருக்கு அது இருந்தது, பெண்களுக்கு அதிகம். மாதவிடாய் முற்றாக நிற்பதும் (மெனோபாஸ்) இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதை ஒட்டியே நடக்கிறது, அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஹார்மோன் ஏற்ற இறக்கம் தொடங்கிவிடும். ஆக, இரண்டும் ஒரே உடம்பில் ஒரே நேரத்தில் வருவது சர்வ சாதாரணம்.

சரி, எது எதனால் என்று எப்படிப் பிரிப்பது?

களைப்பு, எடை, முடி, மறதி, மனச்சோர்வு ஆகிய ஐந்தை வைத்துப் பிரிக்கவே முடியாது, இரண்டுக்கும் பொது. வேறு சில அறிகுறிகள் உதவும். திடீரென்று மார்பிலிருந்து முகம்வரை குப்பென்று சூடு ஏறி, வேர்த்து, சில நிமிடங்களில் அடங்கிவிட்டால் அது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாறுவதன் வேலை, இதைத்தான் கீழே உடல்சூடு என்கிறேன். மற்றவர்கள் ஃபேன் போடச் சொல்லும்போது உங்களுக்கு மட்டும் குளிர்கிறது, மலச்சிக்கல், குரல் கரகரப்பு, காலையில் முகம் உப்பியிருக்கிறது என்றால் தைராய்டு குறைவின் பக்கம் பாருங்கள். நாள் முழுக்க உடம்பு சூடாகவே இருந்து, கை நடுங்கி, நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைந்து, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடத்தால் தைராய்டு ஹார்மோன் அதிகமாகியிருக்கலாம். மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு டோஸ் மீறிப்போனாலும் இப்படித்தான் இருக்கும், இதை மெனோபாஸ் சூடு என்று நினைத்து விட்டுவிடக் கூடாது.

டிஎஸ்ஹெச் சோதனையா, எஃப்எஸ்ஹெச் சோதனையா?

டிஎஸ்ஹெச் தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் அது ஏறும், கூடினால் இறங்கும். எஃப்எஸ்ஹெச் சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன், மெனோபாஸை ஒட்டி ஏறும். லேபில் இரண்டையும் சேர்த்தே எழுதிக் கொடுக்கிறார்கள். என் ஓட்டு டிஎஸ்ஹெச்சுக்கு, கூடவே ஃப்ரீ டி4 (ரத்தத்தில் கட்டுப்படாமல் இருக்கும் தைராய்டு ஹார்மோன்). எஃப்எஸ்ஹெச் இந்தக் காலத்தில் இந்த வாரம் ஏறி அடுத்த மாதம் இறங்கும், ஒரு நாள் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 45 வயதைத் தாண்டி, சுழற்சி மாறி, உடல்சூடும் இருக்கும் பெண்ணுக்கு அந்தச் சோதனையே வேண்டாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸின் வழிகாட்டுதல் சொல்கிறது. அந்தக் காசில் ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 5-வது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. உதிரப்போக்கு அதிகமாகும் இந்த வயதில், தைராய்டு என்றும் மெனோபாஸ் என்றும் நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் களைப்பு வெறும் இரும்புச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம்.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பல லேப் கருவிகளில் பயோட்டின் தைராய்டு முடிவையே புரட்டிப் போடும், டிஎஸ்ஹெச்சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டும். சோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். அன்றைய தைராய்டு மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள்.

டோஸைக் கூட்டுவதா, அப்படியே விடுவதா?

பொதுவாக லேப் தாளில் 0.4-லிருந்து 4 அல்லது 4.5 வரை இயல்பு என்று போட்டிருப்பார்கள். மாத்திரை சாப்பிட்டு டிஎஸ்ஹெச் அதற்குள் நிற்கிறது, ஆனாலும் களைப்பும் எடையும் போகவில்லை என்றால், 25 மைக்ரோகிராம் கூட்டிப் பார்க்கலாமே என்ற ஆசை வரும். கூட்டாதீர்கள் என்றுதான் சொல்வேன். அந்தக் களைப்பு தைராய்டால் வருவதாக இல்லாதபோது அந்த மாத்திரை அதைத் தீர்க்காது. டோஸ் மீறி டிஎஸ்ஹெச் அடிமட்டத்துக்குப் போனால் எலும்பு கரையும், இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பும். ஈஸ்ட்ரோஜன் குறைவதாலேயே எலும்பு வலுவிழக்கும் வயது இது, அதன் மேல் இன்னொரு அடியை நாமே எதற்குக் கொடுக்க வேண்டும்?

மாறாக டிஎஸ்ஹெச் 10-ஐத் தாண்டியிருந்தால் தயங்க வேண்டாம், மாத்திரை தேவை, ஏற்கெனவே சாப்பிட்டால் டோஸைச் சரிசெய்ய வேண்டும். புதிதாகச் சோதித்தவருக்கு 4.5-க்கும் 10-க்கும் நடுவில் வந்து டி4 சரியாக இருந்தால்தான் உண்மையான யோசனை. உடனே மாத்திரை தொடங்குவதைவிட 2, 3 மாதம் கழித்து மறுபடி பார்ப்பது மேல், கணிசமானோருக்கு அது தானாகவே இறங்கிவிடும். டிபிஓ ஆன்டிபாடி (தைராய்டுக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் எதிர்ப்பொருள்) சோதனையை ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாம், அது அதிகமாக இருந்தால் பின்னால் முழுக் குறைபாடாக மாறும் வாய்ப்பு கூடுதல். அந்தச் சோதனையை வருடா வருடம் எடுக்கத் தேவையில்லை. டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் டிஎஸ்ஹெச் பார்க்க வேண்டும். இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், பத்து நாளில் பார்த்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

அப்புறம், டோஸைத் தொடும் முன் மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். வெறும் வயிற்றில் தண்ணீரோடு, காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு. மாத்திரையைப் போட்ட கையோடு டிகாஷன் காபி குடித்தால் மருந்து முழுதாக உடம்பில் சேராது. காலையில் பிள்ளைகளுக்குக் கட்டிக்கொடுக்கும் அவசரத்தில் இது நடக்காது என்பவர்கள், ராத்திரி சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம். 2010-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் இரவு போட்டவர்களுக்கு டிஎஸ்ஹெச் இன்னும் நன்றாகவே இருந்தது. ஆனால் 9 மணிக்குச் சாப்பிட்டு 10 மணிக்குப் படுக்கும் வீட்டில் அது சரிவராது. எலும்புக்கென்று கால்சியம் மாத்திரையை இரவில் சாப்பிடுபவர்களுக்கும் காலைதான் சரி. கால்சியம், இரும்பு இரண்டுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் இடையே 4 மணி நேரம் வேண்டும். டிஎஸ்ஹெச் காரணமில்லாமல் ஏறுகிறது என்று வருபவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, புதிதாக ஏதாவது சத்து மாத்திரை ஆரம்பித்தீர்களா என்பதே.

ஈஸ்ட்ரோஜன்: மாத்திரையா, ஜெல்லா?

நான் அதிகம் சொல்ல நினைப்பது இதைப் பற்றித்தான். உடல்சூடும் இரவு வேர்வையும் வாழ்க்கையைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தால், இருக்கும் மருந்துகளில் மிக நன்றாக வேலை செய்வது ஈஸ்ட்ரோஜன் சிகிச்சை. "பொறுத்துக்கோ" என்பவர்களுக்கு ஒரு தகவல்: அமெரிக்காவில் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஸ்வான் ஆய்வில், அடிக்கடி உடல்சூடு வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது 7 ஆண்டுகளுக்கும் மேல் நீடித்தது. ஏழு வருடம் தூங்காமல் ஒருத்தி வேலைக்கும் போய், வீட்டையும் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

ஈஸ்ட்ரோஜனை வாய்வழி மாத்திரையாகவும் எடுக்கலாம், தோலில் தடவும் ஜெல்லாகவோ ஒட்டும் பேட்ச்சாகவோ போடலாம். தைராய்டு பிரச்சினை இல்லாதவருக்கே இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, இருப்பவருக்கு அது இன்னும் பெரியது. வாய்வழியாகப் போகும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே அது, தைராய்டு ஹார்மோனைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஒரு புரதத்தை அதிகமாகச் சுரக்க வைக்கிறது. புரதம் கூடினால், கட்டுப்படாமல் வேலை செய்யக் கிடைக்கும் ஹார்மோன் குறையும். தைராய்டு நன்றாக இருப்பவருக்குச் சுரப்பியே கொஞ்சம் கூடுதலாகச் சுரந்து சமாளித்துவிடும். மாத்திரையை நம்பி இருப்பவருக்கு அந்த வசதி இல்லை, டிஎஸ்ஹெச் ஏறும், டோஸைக் கூட்ட வேண்டிவரும். 2001-லேயே இதை ஆய்வில் காட்டிவிட்டார்கள், ஆனாலும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எழுதும்போது தைராய்டு பற்றிக் கேட்காமல் விடுவது இன்றும் நடக்கிறது. ஜெல்லும் பேட்ச்சும் நேராக ரத்தத்தில் கலப்பதால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வருவதில்லை. காலில் ரத்தம் உறையும் ஆபத்தும் வாய்வழி மாத்திரையில் கூடுகிறது, வழக்கமான அளவு ஜெல்லில் அப்படிக் கூடுவதாகத் தெரியவில்லை. பருமனாக இருப்பவர்களுக்கு இது முக்கியம்.

அதனால் தைராய்டு மாத்திரை சாப்பிடுபவருக்கு என் பரிந்துரை ஜெல்தான். தினமும் தடவி, காயும்வரை காத்திருக்க வேண்டும், தடவிய இடத்தைக் குழந்தைகள் தொடாமல் பார்க்க வேண்டும், இவை தொல்லைதான். அது ஒத்துவராமல் மாத்திரையே எடுத்தாலும் தப்பில்லை, தொடங்கிய 6 முதல் 12 வாரத்துக்குள் டிஎஸ்ஹெச் பார்த்துவிட வேண்டும். மாத்திரையிலிருந்து ஜெல்லுக்கு மாறினாலும், ஈஸ்ட்ரோஜனையே நிறுத்தினாலும் மறுபடி பார்க்க வேண்டும், கூட்டிய டோஸ் அப்போது அதிகமாகிவிடும்.

கர்ப்பப்பை இருப்பவர் எந்த வடிவத்தில் ஈஸ்ட்ரோஜன் எடுத்தாலும் கூடவே புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனும் வேண்டும், இல்லையென்றால் கர்ப்பப்பை உள்சுவர் தடித்துப் புற்றுநோய்வரை போகலாம். மார்பகப் புற்று வந்தவர், ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர், காரணம் தெரியாத உதிரப்போக்கு இருப்பவர் ஆகியோருக்கு இந்த வழி பொதுவாகக் கிடையாது. மற்றவர்கள் பயப்படுவது பெரும்பாலும் 2002-ல் பாதியில் நிறுத்தப்பட்ட அமெரிக்க ஆய்வால்தான். அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63, கொடுத்தது வாய்வழி மாத்திரை. மார்பகப் புற்று கூடுதலாக வந்தது ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 8 பேருக்கு. அந்த ஆபத்தைச் சின்னதென்று ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் 47 வயதில் ஜெல் எடுக்கப்போகிற பெண்ணின் கணக்கும் அந்த ஆய்வின் கணக்கும் ஒன்றாகாது.

உதிரப்போக்கு: கர்ப்பப்பையை எடுப்பதா, ஹார்மோன் காயில் வைப்பதா?

தைராய்டு குறைந்தாலே உதிரப்போக்கு அதிகமாகும். டிஎஸ்ஹெச் பார்க்காமல் "பிள்ளை பெத்தாச்சு, எடுத்துடலாம்" என்று அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிப்பதைக் கேட்டால் எனக்கு மனசு பதறுகிறது. முதலில் டிஎஸ்ஹெச், ஸ்கேன், 45-ஐத் தாண்டியவருக்குத் தேவைப்பட்டால் கர்ப்பப்பை உள்சுவர் திசுச் சோதனை. புற்றோ பெரிய கட்டியோ இல்லை என்று தெரிந்த பிறகு கர்ப்பப்பைக்குள் லெவோநார்ஜெஸ்ட்ரல் (புரோஜெஸ்டிரோன் வகை) ஹார்மோன் காயில் வைத்துப் பார்க்கலாம். உதிரத்தை நன்றாகக் குறைக்கும், கருத்தடையாகவும் இருக்கும் (இந்த வயதிலும் கரு தங்கும், பலர் மறந்துவிடுகிறார்கள்), ஜெல்லோடு சேர்ந்தால் புரோஜெஸ்டிரோன் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். முதல் 3 முதல் 6 மாதம் சொட்டுச் சொட்டாகப் படும், அதைச் சொல்லாமல் வைத்துவிட்டால் பயந்துபோய் எடுக்கச் சொல்வார்கள். கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தால் ஒரே நாளில் மெனோபாஸ் வந்து நிற்கும், உடல்சூடும் எலும்புத் தேய்வும் கடுமையாக இருக்கும்.

உணவு விஷயத்தில் சுருக்கமாக. முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் வேகவைத்துச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, ஒதுக்க வேண்டாம். இந்துப்புக்கும் கல் உப்புக்கும் மாறுபவர்கள், அவற்றில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், சமையலுக்கு அயோடின் உப்பே இருக்கட்டும். அதற்காக அயோடின் சொட்டு, கடற்பாசி மாத்திரை என்று போகாதீர்கள். இப்போது நாம் பார்க்கும் தைராய்டு குறைபாட்டில் பெரும்பகுதி உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதால் வருகிறது. அதிக அயோடின் அதை மோசமாக்கலாம்.

ஈஸ்ட்ரோஜனே எடுக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் வென்லாஃபாக்சின், வலிப்புக்குக் கொடுக்கும் கபாபென்டின் இரண்டும் உடல்சூட்டைக் குறைக்கும், இரவு வேர்வையால் தூக்கம் கெடுபவருக்குக் கபாபென்டினை இரவில் கொடுப்பதுண்டு, காலையில் தலை கிறுகிறுக்கலாம். 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெசோலினெட்டன்ட் ஹார்மோன் இல்லாமல் மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு இடத்திலேயே வேலை செய்கிறது, ஆனால் தொடங்கும் முன்பும் பிறகும் கல்லீரல் சோதனை எடுக்க வேண்டும். இவற்றில் எதைக் கேட்கப் போனாலும் மகளிர் மருத்துவரிடம் தைராய்டு மாத்திரையின் டோஸையும், தைராய்டு மருத்துவரிடம் கடைசியாக பீரியட்ஸ் வந்த தேதியையும் சொல்லுங்கள்.