இரும்புச் சட்டி, செப்புக் குடம்: இருபது ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

36 வயதில் ஹீமோகுளோபின் 8.9 என்று வந்தபோது ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்புச் சத்து மாத்திரையையும் அம்மாவின் இரும்புச் சட்டியையும் ஒன்றாகப் புழங்கத் தொடங்கினேன். இப்போது எனக்கு வயது 57.

மூன்று மாதமாகியும் அளவு 9.4ஐத் தாண்டவில்லை. காலைச் சிற்றுண்டிக்குப் பின் காப்பி குடித்த கையோடு மாத்திரையை விழுங்கிவந்ததே காரணம். காப்பி, தேநீரிலுள்ள பாலிஃபீனால்கள் இரும்பைக் குடலிலேயே பிணைத்துவிடுகின்றன, பாலின் கால்சியமும் தடுக்கிறது. காப்பியை இரண்டு மணி நேரம் தள்ளிவைத்து, வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாற்றுடன் எடுத்த பிறகு, ஐந்து மாதத்தில் 12.1 ஆனது.

மாதவிடாய் நிற்கும் முன் 48 வயதில் உதிரப்போக்கு அதிகமாகி மீண்டும் இறங்கியது. இம்முறை மருத்துவர் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும் என்றார். ஒரு மாத்திரைக்குப் பின் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறத்தாழ ஒரு நாள் உயர்ந்திருந்து, அடுத்து வரும் இரும்பைக் குடல் தாண்டவிடாமல் குறைத்துவிடுகிறது என்பது அவர் சொன்ன விளக்கம். வயிற்றுப் புரட்டலும் குறைந்தது.

சட்டியில் புளிக்குழம்பு கொதித்தால் நிறம் கறுக்கும். புளிப்பு கரைத்தெடுக்கும் இரும்பு அது. மாத்திரைக்கு ஈடாகாவிட்டாலும் அன்றாடம் சேரும் இரும்பு என்பதால் சட்டியை நான் விட்டதில்லை. இறக்கியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுவேன்.

செப்புக் குடத்தைப் புளியும் உப்பும் இட்டு விளக்கும்போது களிம்பு கரைந்து பளபளக்கும். அதே காரணத்தால் மோரோ எலுமிச்சைச் சாறோ அதில் ஊற்றக்கூடாது, தண்ணீர் மட்டுமே. செம்பு நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் போதும்; உணவில் குறைந்தால் குடல் அதிக விகிதத்தில் உறிஞ்சும், மிஞ்சியதைக் கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்றும். சேமிப்பிலுள்ள இரும்பு இரத்தத்துக்கு வர உதவும் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்துக்கும் செம்பு வேண்டும். ஆகவே அதிக அளவு துத்தநாக மாத்திரையை நெடுங்காலம் உண்டு செம்பு குறைந்தவர்களுக்கு, இரும்பு கொடுத்தும் தீராத சோகை வரலாம்.

இரும்புக்கு அப்படி வெளியேறும் வழி இல்லை. நுழைவை மட்டுமே உடல் கட்டுப்படுத்துகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020ஆம் ஆண்டுப் பரிந்துரையில் மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம், ஆணுக்கு 19. இழப்பு நின்றபின் பெண்ணின் தேவை ஆணுக்குரியதை நெருங்குகிறது. மாதவிடாய் நின்ற மூன்றாம் ஆண்டில் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் என் ஃபெரிட்டின் அளவு 18இலிருந்து 90ஐத் தாண்டியதைக் கண்டு, மருத்துவரைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினேன். சட்டி இன்னும் அடுப்பில் இருக்கிறது. 28 வயது மகளுக்காகத்தான் இப்போது அதில் குழம்பு கொதிக்கிறது.