தாதியர் படிப்புக்குக் கைபேசி எவ்வளவு தூரம் உதவும்? மூன்றாண்டுப் படிப்பை முடித்தபின் எழுதுகிறேன்

மலேசியாவில் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வை முடித்துத் தாதியர் டிப்ளோமாவில் சேரும் பிள்ளைகளின் வீட்டில் இப்போதெல்லாம் முதலில் எழும் கேள்வி, எந்த டேப்லெட் வாங்குவது என்பதுதான். என் சித்தி மகள் இந்த ஆண்டு சேர்கிறாள். சித்தப்பாவும் அதையேதான் கேட்டார். நான் பினாங்கில் மூன்றாண்டுப் படிப்பை முடித்து, லைசன்ஸ் தேர்வும் எழுதி, இப்போது வார்டில் வேலை செய்கிறேன். கைபேசி, எட்டு அங்குல டேப்லெட், இ-ரீடர் மூன்றையும் படிப்புக்கென்றே வைத்திருந்தேன். சித்தப்பாவிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: தங்கச்சி கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனே போதும். மிச்சமாகும் பணத்தில் நொடிமுள் உள்ள கடிகாரம் ஒன்றும், ஷிப்ட் முழுக்க நின்றாலும் காலைக் கடிக்காத சப்பாத்து ஒன்றும் வாங்கிக் கொடுங்கள். நாடித் துடிப்பை எண்ண அந்த நொடிமுள் இல்லாமல் முடியாது.

போனில் எனக்குப் பெரிதும் உதவியது அங்கி (Anki) என்ற கேள்வி அட்டைச் செயலி. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். சுலபமாக நினைவுக்கு வந்த அட்டையை நாள் கழித்துக் காட்டும். திணறிய அட்டையைச் சீக்கிரமே திரும்பக் கொண்டுவரும். படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-இல் வெளியிட்டார். மறக்கப்போகும் நேரத்தில் மறுபடி கேட்டால் நினைவு உறுதிப்படும் என்பதுதான் இந்தச் செயலியின் அடிப்படை. 2006-இலிருந்து இருக்கிறது. ஆண்ட்ராய்டிலும் கணினியிலும் இலவசம். ஐபோனில் மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டும். இணையம் இல்லாமலும் ஓடும். டேட்டா தீர்ந்துபோகும் மாதக் கடைசியில் அதன் அருமை தெரியும்.

ஆனால் செயலியைப் போட்டுவிட்டால் மட்டும் படிப்பு வந்துவிடாது. அட்டையை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'டிகாக்ஸின் பற்றிக் குறிப்பு' என்று தலைப்பிட்டு, பாடநூலின் பாதிப் பக்கத்தை மறுபக்கத்தில் ஒட்டினால் அது அட்டை இல்லை. அதைப் பார்த்து 'தெரியும்' என்று தட்டிக்கொண்டே போய்விடலாம். வார்டில் ஒன்றும் ஞாபகம் வராது. என் அட்டைகளில் டிகாக்ஸின் என்ற இந்த இதய மருந்து ஐந்தாறாகப் பிரிந்திருக்கும். கொடுப்பதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்? நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து இதயத் துடிப்பை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு எத்தனைக்குக் கீழே போனால் நிறுத்திவைத்து டாக்டரிடம் சொல்ல வேண்டும்? 60. மருந்து உடம்பில் மிஞ்சிப்போனதற்கு முன்னடையாளம் என்ன? பசியின்மை, குமட்டல், பார்வையில் மஞ்சள் பச்சைச் சாயல். இரத்தத்தில் எந்த உப்பு குறைந்தால் இந்த ஆபத்து கூடும்? பொட்டாசியம். எந்த மருந்தைச் சேர்த்துக் குடிப்பவருக்கு அது குறையலாம்? ஃபுரோசமைட் போன்ற நீர் மாத்திரை.

கடைசி இரண்டு கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தால், இதய நோயாளிக்கு ஏன் அடிக்கடி பொட்டாசியம் பார்க்கிறார்கள் என்பது தானாக விளங்கிவிடும். அப்படி 'ஏன்' என்று கேட்கும் அட்டைகள்தான் என் நினைவில் நின்றன. எண்ணை மட்டும் கேட்ட அட்டைகள் தேர்வோடு சரி.

இன்னொருவர் செய்த அட்டைக்கட்டைத் தரவிறக்கிப் படிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அட்டை எழுதும்போதே பாதி படிப்பு முடிந்துவிடுகிறது, அது ஒரு காரணம். இதைவிட முக்கியமான காரணம், இணையத்தில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கத் தேர்வுக்காகச் செய்தவை. அங்கே சர்க்கரை அளவை மில்லிகிராமில் எழுதுவார்கள். நம் வார்டில் மில்லிமோல். நம்முடைய 4 அங்கே 72. பதினெட்டால் பெருக்கினால் கணக்கு வரும் என்றாலும், இரவு இரண்டு மணிக்கு எந்த எண் மனதில் முதலில் எழுகிறதோ அதுதான் முக்கியம். மருந்துப் பெயர்களும் அப்படியே. பாரசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென். நாம் அட்ரினலின் என்பது அங்கே எப்பிநெஃப்ரின். சல்புட்டமால் அங்கே அல்புட்டெரால். புதிதாகப் படிக்கும் பிள்ளைக்கு இந்த இரட்டைச் சுமை வேண்டாம். நம் சுகாதார அமைச்சின் மருந்துப் பட்டியலும் சிகிச்சை வழிகாட்டிகளும் இலவசமாகவே பி.டி.எஃப். கோப்பாகக் கிடைக்கின்றன. என் மருந்து அட்டைகளை அவற்றைப் பார்த்துத்தான் எழுதினேன்.

அளவு மாற்றும் செயலிகளையும் நம்பாதீர்கள். நம் வார்டில் 'நாலு பைண்ட் டிரிப், 24 மணி நேரம்' என்று சொன்னால் ஒரு பைண்ட் 500 மில்லி. செயலியில் பைண்ட் என்று அழுத்தினால் இங்கிலாந்துக் கணக்கில் 568 வரும், அமெரிக்கக் கணக்கில் 473 வரும். 2000 மில்லியை 24 மணி நேரத்தில், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் கொடுத்தால் நிமிடத்துக்கு 28 சொட்டு. 568 என்று எடுத்துக்கொண்டால் 32 ஆகிவிடும். இதயம் பலவீனமான ஒருவருக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

சொட்டுக் கணக்கை நான் போனில் படிக்கவே இல்லை. அட்டையில் கணக்கைப் போட்டால், நாலாவது முறை பார்க்கும்போது விடை மனப்பாடமாகிவிடும். கணக்குப் போடும் பழக்கம் வளராது. தினமும் எண்ணை மாற்றி மாற்றிக் காகிதத்தில் போட்டுப் பார்ப்பதுதான் வழி. கால்குலேட்டர் இல்லாமல் முதலில் தோராயமாக ஒரு விடை, பிறகு சரியான விடை. தோராயம் 30 என்று வந்து, கருவி 280 என்று காட்டினால், எங்கோ ஒரு பூஜ்யம் கூடிவிட்டது என்று மனம் உடனே உறுத்த வேண்டும். அந்த உறுத்தலை எந்தச் செயலியும் கற்றுத்தராது.

எங்கே, எப்போது படித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் வீடு பட்டர்வொர்த்தில், கல்லூரி தீவில். பெர்ரியில் கடலைக் கடக்கும் நேரம், ஜெட்டியில் ரேப்பிட் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம், கொம்தாரில் பஸ் மாறும் நேரம்: என் அட்டைகள் எல்லாம் இந்தத் துண்டு நேரங்களில் படித்தவைதான். மேசையில் உட்கார்ந்து படிக்கும் நேரத்தில் போனைத் தொடவில்லை. அது பாடநூலுக்கும் காகிதத்துக்கும் உரிய நேரம். இந்தப் பிரிவினையைக் கடைப்பிடித்தவர்களுக்குப் போன் நன்றாக உதவியது. மேசையிலும் போனை எடுத்துவைத்த தோழிகள், அட்டையில் ஆரம்பித்து டிக்டாக்கில் முடித்தார்கள்.

பினாங்கில் படிப்பவர்களுக்கு இன்னொரு யோசனை. இங்கே வயதான சீன நோயாளிகள் பலருக்கு ஹொக்கியன் மட்டும்தான் சரளமாக வரும். என் வகுப்புத் தோழி ஒருத்தியைப் பேசச் சொல்லி, எங்கே வலிக்கிறது, மூச்சு முட்டுகிறதா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்பது போன்ற கேள்விகளை அவள் குரலிலேயே பதிவு செய்து ஒலி அட்டைகளாக்கினேன். பதிலுக்கு என் குரலில் தமிழ்க் கேள்விகளைப் பதிவு செய்துகொண்டாள். காசு செலவில்லாமல் செய்தவற்றில் இதற்கு ஈடு வேறில்லை. யூனிஃபார்ம் துவைத்து இஸ்திரி போடும்போது காதில் ஓடவிட்டுக் கேட்டுப் பழகலாம்.

அங்கியின் பெரிய குறை, குவியல். போஸ்டிங் வாரங்களில், அதாவது வார்டில் பயிற்சி எடுக்கும் வாரங்களில், அதிலும் நைட் ஷிப்டில், சில நாள் திறக்காமல் விட்டால் நூற்றுக்கணக்கான அட்டைகள் வரிசையில் நிற்கும். அதைப் பார்த்து மனம் விட்டுப்போய், செயலியையே நீக்கியவர்களை எனக்குத் தெரியும். நான் போஸ்டிங் நாட்களில் புதிய அட்டை எதையும் சேர்க்காமல், பழையவற்றை மட்டும் பார்ப்பேன். ஒரு நாளைக்கு இத்தனைதான் காட்ட வேண்டும் என்று வரம்பு வைக்கலாம். அமைப்புப் பகுதியில் இருக்கிறது, அவசியம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த அட்டையை எப்போது திரும்பக் காட்டுவது என்று கணக்கிட 2023-இல் அங்கியில் வந்த எஃப்.எஸ்.ஆர்.எஸ். என்ற புதிய முறைக்கு மாறியபின் அன்றாடம் திரும்பி வரும் அட்டைகள் எனக்குக் கணிசமாகக் குறைந்தன.

வார்டுக்குள் வருவோம். மாணவர்கள் வார்டில் போனை வெளியே எடுக்கக் கூடாது என்பது எங்கள் கல்லூரியின் கண்டிப்பான விதி. தொடக்கத்தில் பலருக்கு அது பழைய காலத்துப் பிடிவாதமாகத் தோன்றியது. வேலைக்கு வந்தபின் அந்த விதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். நோயாளியைத் தொடும் முன், தொட்ட பின், கட்டுப் போடும் முன் என்று கை கழுவ வேண்டிய ஐந்து தருணங்களை உலகச் சுகாதார நிறுவனம் வகுத்திருக்கிறது. கழுவிய கையால் போனைத் தொட்டுவிட்டு நோயாளியைத் தொட்டால், கழுவியதற்கு அர்த்தமே இல்லை. கட்டிலில் படுத்திருப்பவரின் கண்ணுக்கு நாம் மருந்தின் அளவைத்தான் தேடுகிறோம் என்பது தெரியாது. 'மிஸி, ஒடம்பு முடியல, நீ போனையே பாத்துக்கிட்டிருந்தா எப்படி?' என்று ஒரு தாத்தா, தாதியரை அழைக்கும் அதே சொல்லால் ஒரு மருத்துவரையே கேட்டதைப் பார்த்திருக்கிறேன். பாக்கெட்டில் ஒரு சின்னக் குறிப்புப் புத்தகம் வையுங்கள். சந்தேகம் வந்தால் எழுதிக்கொண்டு, வார்டில் மாணவர்களுக்கு வழிகாட்டும் தாதியான எல்.பி.யிடமோ மருந்தகத்திலோ கேளுங்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் அதை அட்டையாக்குங்கள். கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதிய அட்டைகள் எனக்கு மறந்ததே இல்லை.

நோயாளியின் பெயர், பதிவு எண், பி.எச்.டி. (BHT) எனும் நோயாளிக் குறிப்பேட்டின் படம், புண்ணின் படம் எதுவும் போனுக்குள் போகக் கூடாது. பாடத்துக்குத்தானே என்று எடுக்கும் படம், தானாகவே மேகக் கணிமைக்கு ஏறிவிடும். பிறகு அது நம் கையில் இல்லை. 'அறுபது வயது, சர்க்கரை நோய், காலில் புண்' என்ற அளவோடு அட்டையில் எழுதினால் போதும்.

அட்டையால் முடியாதது எது என்பதை எனக்குக் காட்டியது, நோயாளியின் சுயநினைவை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோல். 1974-இல் வந்தது. அதிகபட்சம் கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. மொத்தம் 15, மிகக் குறைந்தது 3. அட்டையில் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒரு பாட்டியிடம், இது எந்த இடம் என்று மலாயில் கேட்டார்கள். அவர் வீட்டுக் கோழியைப் பற்றி ஏதோ சொன்னார். குழப்பமான பேச்சு, 4 என்று எழுத வேண்டிய நிலை. வார்டில் எங்களுக்குப் பயிற்சி தரும் ஆசிரியரான சி.ஐ. என்னைப் பார்த்து, 'நீ உன் மொழியில் கேள்' என்றார். 'பாட்டி, இது எந்த எடம்னு தெரியுதா?' என்றேன். 'ஆஸ்பத்திரிதான், வேற என்னா? எம் மவன் நேத்து ராத்திரி கொண்டாந்து போட்டான்' என்றார். முழுத் தெளிவு, 5. ஒரு புள்ளி குறைந்தால் அவருக்குத் தேவையில்லாத ஸ்கேன் வரை போயிருக்கும். அன்றைக்கு அந்த சி.ஐ. கற்றுத்தந்ததைப் பிறகு நானும் அட்டையாக்கி வைத்தேன்: பேச்சுக்கு மதிப்பெண் போடும் முன், நோயாளியின் மொழியில் கேட்டாயா?

டேப்லெட்டைப் பற்றிச் சுருக்கமாக. ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தியதை 400 வெள்ளிக்கும் (ரிங்கிட்) குறைவாக வாங்கினேன். விரிவுரைப் படங்களைப் பார்க்கவும், இதயத்தையும் சிறுநீரகத்தையும் பேனாவால் வரைந்து பார்க்கவும் நன்றாக இருந்தது. வரைந்த படத்தில் பெயர்களை மறைத்துக் கேள்வியாக்கும் வசதி அங்கியில் உண்டு. உடற்கூறு அப்படித்தான் எனக்கு வந்தது. ஆனால் யூனிஃபார்ம் பாக்கெட்டில் நுழையாது, போஸ்டிங் நாட்களில் லாக்கரிலேயே கிடக்கும். வசதி இருந்தால் வாங்கலாம், கடன் வாங்கி வேண்டாம்.

இ-ரீடர் வேண்டவே வேண்டாம். வெயிலில் பெர்ரித் தளத்தில்கூடக் கண் கூசாமல் படிக்கலாம் என்பது உண்மைதான். தாதியர் பாடநூல்கள் இரண்டு பத்தி, அட்டவணை, வண்ணப்படம் என்று அமைந்தவை. ஆறு அங்குலத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கி நகர்த்துவதற்குள் படித்த வரி மறந்துவிடும். படுக்கைப் புண் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைக் கறுப்பு வெள்ளைப் படத்தில் பார்த்து என்ன பயன்? விற்றுவிட்டேன்.

எந்தக் கருவியும் இல்லாமல் நடந்த படிப்பு ஒன்று உண்டு. அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். அன்றைக்கு அட்டையில் படித்ததை இரவில் அவருக்குத் தமிழில் விளக்கிச் சொல்வேன். 4-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலக்கிக் குடித்து 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றேன். 'சரி, அதுக்கப்புறமும் ஏறலன்னா?' என்று கேட்டார். என் அட்டையில் அந்தக் கேள்வியே இல்லை. புத்தகத்தைப் புரட்டி, மறுபடியும் அதே அளவு கொடுக்க வேண்டும், சரியானபின் வழக்கமான சாப்பாடோ சிற்றுண்டியோ தர வேண்டும், மயங்கினால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 999-ஐ அழைக்க வேண்டும் என்று படித்துவிட்டு வந்து சொன்னேன். மருத்துவம் தெரியாத ஒருவர் கேட்கும் 'அப்புறம்?' என்ற கேள்வி, நம் படிப்பில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதைச் சட்டென்று காட்டிவிடும். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் விடாதீர்கள்.

தங்கச்சி என் அட்டைக்கட்டைக் கேட்டாள். உடற்கூறு, செய்முறை, ஹொக்கியன் ஒலி அட்டைகளை அப்படியே அனுப்பிவிட்டேன். மருந்து அட்டைகளை மட்டும் கேள்விப் பக்கத்தோடு கொடுத்து, பதில்களை அழித்துவிட்டேன். அமைச்சின் இப்போதைய பட்டியலைப் பார்த்து அவளே எழுத வேண்டும். எழுதிய தேதியையும் ஒவ்வோர் அட்டையின் அடியிலும் குறிக்கச் சொல்லியிருக்கிறேன்.