கூகுள் போட்டோஸ்: நல்ல ஆல்பம், பாதிக் காப்பு

எங்கள் குடும்பப் படங்கள் அனைத்தையும் வைத்திருந்த வெளிப்புற ஹார்டு டிஸ்க், மூன்று ஆண்டுகளுக்கு முன் மேசையிலிருந்து கீழே விழுந்தது. அதன் பிறகு கணினியில் இணைத்தபோதெல்லாம் 'டக், டக்' என்ற ஒலி மட்டுமே வந்தது. அந்த ஒலியின் பொருள் தெரியாமல், இம்முறை திறந்துவிடும் என்ற நம்பிக்கையில் பத்துப் பன்னிரண்டு முறை இணைத்துப் பார்த்தது நான் செய்த பெரிய பிழை. ஹார்டு டிஸ்க்கின் படிக்கும் முனை, சுழலும் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் இடைவெளியில்தான் மிதக்கிறது. அடிபட்ட முனையை மீண்டும் மீண்டும் ஓட விட்டால், அது தட்டைச் சுரண்டி மிச்சமிருக்கும் தரவையும் அழித்துவிடக்கூடும். தரவு மீட்பு நிலையம் ஒன்று ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மீட்டுத் தந்தது. ஆனால் கோப்புகளின் பெயர்களும் கோப்புறைகளும் போய், வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட பல்லாயிரம் படங்களாகத்தான் அவை திரும்பி வந்தன. அப்பாவின் கடைசி ஆண்டுப் படங்களில் பெரும்பாலானவை அவற்றில் இல்லை.

அதன் பிறகுதான் கூகுள் போட்டோஸைப் பயன்படுத்தத் தொடங்கினேன். மீட்கப்பட்ட அந்தக் குவியலை ஏற்றியபோது இச்சேவையின் வலிமை எனக்குப் புரிந்தது. கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எழுதி வைக்கும் நாளும் நேரமும், கோப்பின் பெயர் அழிந்தாலும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. அவற்றைக் கொண்டே இது எல்லாவற்றையும் காலவரிசையில் அடுக்கியது. முகங்களைப் பிரித்துத் தொகுக்கும் வசதியால், அம்மாவின் முகத்தைத் தொட்டவுடன் வெவ்வேறு காலத்துப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெயரிழந்த படங்களை நானே ஒழுங்குபடுத்த முயன்றிருந்தால் ஓராண்டு போதியிருக்காது. பழைய அச்சுப் படங்களை ஸ்கேன் செய்து ஏற்றுவோருக்கு மட்டும் கூடுதல் வேலை உண்டு: ஸ்கேன் செய்த நாளே படம் எடுத்த நாளாகப் பதிவாகிவிடுவதால், ஒவ்வொன்றின் தேதியையும் கையால் திருத்த வேண்டும்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015இல் இச்சேவை தொடங்கியபோது, சற்றே சுருக்கிய தரத்தில் எத்தனை படங்களையும் இலவசமாக ஏற்றலாம் என்றிருந்தது. 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை இல்லை. இப்போது இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. அதையும் ஜிமெயில், டிரைவ் ஆகியவற்றோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இடத்தைச் சேமிக்கும் தரத்தைத் தேர்ந்தால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்கள் அந்த அளவுக்குக் குறைக்கப்படும். அன்றாடப் படங்களுக்கு அது போதும். மறுபடி எடுக்கவே முடியாத படங்களுக்கு அசல் தரத்தையே தேர்வு செய்யுங்கள்.

இச்சேவையைக் காப்புப்பிரதி என்று நம்பிவிடுவதில்தான் சிக்கல் இருக்கிறது. காப்புப்பிரதி என்பது, ஓரிடத்தில் செய்யும் தவறு மற்றோர் இடத்தைத் தொடாதபடி தனித்திருக்க வேண்டிய ஒன்று. இதுவோ கைப்பேசியோடு பிணைந்த ஒத்திசைவு: ஏற்றப்பட்ட படத்தைச் செயலியில் நீக்கினால், அது கணக்கிலிருந்தும் அதனுடன் இணைந்த எல்லாச் சாதனங்களிலிருந்தும் போகிறது. நீக்கிய படம் 60 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும். அதற்குள் கவனிக்காவிட்டால் மீட்க வழியில்லை. கைப்பேசியில் இடத்தை விடுவிக்கும் பொத்தான் இன்னொரு பொறி. அதை அழுத்தியதும், ஏற்கெனவே ஏற்றப்பட்ட படங்கள் கைப்பேசியிலிருந்து நீங்கி, கூகுளிடம் உள்ள பிரதியே ஒரே பிரதியாகிவிடுகிறது. 'கூகுளில் இருக்கிறதே' என்று அதை நிம்மதியாக அழுத்துபவர்கள், எங்கள் ஹார்டு டிஸ்க் இருந்த அதே ஒற்றைப் பிரதி நிலைக்குத்தான் திரும்புகிறார்கள். மேலும், ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கேமரா கோப்புறை தானாக ஏறினாலும், வாட்ஸ்அப்பில் உறவினர்கள் அனுப்பும் படங்களின் கோப்புறையை நாமே தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். குடும்பப் படங்களில் பாதி இப்போது அங்கேதான் கிடக்கின்றன.

கணக்கு ஒருவருடையது, படங்களோ குடும்பத்துக்குரியவை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை, அவற்றிலுள்ள படங்களோடு சேர்த்து நீக்கலாம் என்பது கூகுளின் விதி. கடவுச்சொல் தெரிந்த ஒரே ஆள் இறந்துவிட்டால் வீட்டிலுள்ளோர் என்ன செய்வார்கள்? இதற்காகவே செயல்படாத கணக்கு மேலாளர் என்ற அமைப்பு இருக்கிறது. கணக்கு குறிப்பிட்ட மாதங்கள் அசையாமல் கிடந்தால், நாம் பெயரிட்டவர்களுக்கு அதிலுள்ளவற்றை அணுகும் அனுமதி கிடைக்கச் செய்யலாம். ஐந்து நிமிட வேலைதான். நான் தங்கையின் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.

கணக்கிலுள்ளவற்றை மொத்தமாக எடுத்துக்கொள்ள கூகுள் தரும் டேக்அவுட் வசதி வழியாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பதிவிறக்கி, இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் வைத்து, அவற்றில் ஒன்றைத் தங்கை வீட்டில் கொடுத்துவிடுகிறேன். மூன்று பிரதிகள், இரு வகை ஊடகங்கள், ஒன்று வேறோர் இடத்தில் என்று புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 கணக்கு இதுதான். டேக்அவுட்டில் ஒரு நெருடல் உண்டு: செயலியில் நாம் திருத்திய தேதிகளும் எழுதிய குறிப்புகளும் படத்துக்குள் சேராமல், ஒவ்வொரு படத்துக்கும் துணையாக வரும் ஜேசன் (JSON) என்ற சிறு உரைக் கோப்பில் தனியே நிற்கின்றன. அந்தச் சிறு கோப்புகளைக் குப்பை என்று எண்ணி நீக்கிவிட்டால், ஸ்கேன் செய்த படங்களுக்குப் போட்ட உழைப்பு வீணாகும்.

தேடவும் பார்க்கவும் பகிரவும் இதைவிட எளிதான ஒன்றை நான் பயன்படுத்தியதில்லை; கூடுதல் இடத்துக்கான சந்தாவை இவ்வாண்டும் புதுப்பித்திருக்கிறேன். ஐந்துக்கு நான்கு தருகிறேன். அந்த ஒன்றைக் குறைத்தது, 'இனி இப்படங்களுக்கு ஒரே ஒரு பிரதிதான் இருக்கும்' என்று இடத்தை விடுவிக்கும் பொத்தானின் அருகில் வெளிப்படையாக எழுதி வைக்காததற்காக.