இரண்டு துண்டுக் கம்பிக்கு 23,500 ரூபாய்: அம்பிளிஃபயர் திருத்தக் கொடுப்பவர்கள் கவனிக்கவும்

நேற்று மாலை என் அம்பிளிஃபயரின் அடித்தகட்டைக் கழற்றிப் பார்த்த பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இந்த வேலைக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். 23,500 ரூபாய் என்றேன். அவர் சிரித்துவிட்டார். எனக்கு வந்தது சிரிப்பல்ல.

அந்த ஆத்திரம் ஆறுவதற்கு முன் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். திருகோணமலையில் பழைய செற் வைத்திருப்பவர்கள் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது தப்பட்டும். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. முன்னால் கைபேசி உறைகள் தொங்கும், உள்ளே பழைய தொலைக்காட்சிகள் கூரை வரை அடுக்கியிருக்கும், அப்படி ஒரு இலத்திரனியல் திருத்தக் கடை. அதற்கு மேல் அடையாளம் வேண்டாம். செற்றைப் போடும்போது ஸ்பீக்கர் 'டும்' என்று அடிக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்பதையும் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

இந்த அம்பிளிஃபயர் அப்பாவின் செற். கப்பலில் வேலை செய்த காலத்தில், 1986இல், சிங்கப்பூரில் வாங்கிய ஜப்பான் தயாரிப்பு. 1990இல் நாங்கள் இடம்பெயர்ந்தபோது விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது அயல்வீட்டார் சாக்கில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அத்தனையையும் தாண்டி வந்த சாமானை ஒரு திருத்தக் கடை இரண்டே நாளில் முடித்துவிட்டது.

முதலில் இருந்த குறை மிகச் சிறியது. வலப் பக்கத்துச் சத்தம் மங்கி மங்கிப் போகும். ஒலியைக் கொஞ்சம் கூட்டினால் 'கர்' என்று ஒரு இரைச்சலோடு திரும்பி வரும். எங்கள் வீடு கடலிலிருந்து முந்நூறு மீற்றர்கூட இல்லை. கதவுப் பிணைச்சலே ஒரு வருடத்தில் துருப்பிடித்துவிடும். செற்றுக்குள்ளும் அதே கதைதான் நடந்திருக்கிறது என்று இப்போது விளங்குகிறது. அன்று விளங்கவில்லை. முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

"ஒன்றுக்கும் யோசிக்காதீர்கள் அண்ணன், இந்த மாடல் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு" என்றார் கடைக்காரர். நாற்பது வயது இருக்கும். அப்பாவின் செற் என்று நான் சொன்னதும் மேல்மூடியைக் கையால் தடவி, "அப்படியென்றால் இதை நான் காசுக்காகச் செய்யவில்லை" என்றார். அதற்குப் பிறகு எண்ணி வாங்கிய காசு 23,500. பில் கையில் இருக்கிறது: ஜப்பான் அசல் றிலே (ஸ்பீக்கருக்குப் போகும் வழியைத் தானாக இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) 6,500, ட்ரான்சிஸ்டர் நான்கு 9,000, கூலி 8,000.

நான் எங்கே ஏமாந்தேன் என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். எடுக்கப் போன அன்று செற்றை மேசையில் வைத்துத் தன்னுடைய இரண்டு சின்னப் பெட்டிகளைத் தொடுத்திருந்தார். சுவிட்சைப் போட்டார். இரண்டு பேரும் மூச்சு விடாமல் நின்றோம். நாலு செக்கன் கழித்து உள்ளேயிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். அவர் விரலை உயர்த்தி, "கேட்டீர்களா அண்ணன்? புது றிலே" என்றார். அப்பாவின் இருமலைப் போல எனக்குப் பழகிய சத்தம் அது. சின்ன வயதில் அந்த 'டிக்' கேட்ட பிறகுதான் தட்சணாமூர்த்தியின் தவில் தொடங்கும். அதைக் கேட்டதும் என் கை தானாகப் பணப்பைக்குப் போய்விட்டது. அவர் கைபேசியில் பாட்டைத் தட்டினார்; இரண்டு பக்கமும் சமமாக, தெளிவாகக் கேட்டது. பாட்டை அவர் 'டிக்' விழுந்த பிறகுதான் தட்டினார் என்பதையும், நான் உள்ளே வந்தபோதுதான் செற்றை அணைத்தார் என்பதையும் கண்டேன். கண்டும் ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவின் பெரிய பெட்டிகளை இணைத்துச் சுவிட்சைப் போட்டேன். 'டும்'. தவிலின் தொப்பிப் பக்கத்தில் கம்பால் ஓங்கி ஒரு அடி விழுந்தது போல. கண்ணாடி அலுமாரியில் கோப்பைகள் குலுங்கின, வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. நாலு செக்கன் கழித்து, ஆறுதலாக, 'டிக்'.

நாற்பது வருடத்தில் அந்தச் செற் ஒருநாளும் இப்படி அடித்ததில்லை. "ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள் அப்பா" என்றான் மகன். குறைத்துப் போட்டேன். அதே 'டும்', ஒரு மயிரிழை குறையவில்லை.

உடனே அழைத்தேன். "புது றிலே அண்ணன், ஒரு கிழமை ஓடட்டும், தானாகச் சரிவரும்." ஒரு கிழமை ஓடியது, சரிவரவில்லை. நேரில் போனேன். முதலாளி கொழும்புக்குப் போய்விட்டார் என்றான் கடைப் பையன். முதலாளியின் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றது, தலைக்கவசம் கைபிடியில் தொங்கியது. இரண்டாம் முறை போனபோது ஆள் இருந்தார். "உங்கள் பக்கத்துக் கரண்ட் சரியில்லை அண்ணன், வோல்டேஜ் ஏறி இறங்கும். ஸ்டெபிலைசர் ஒன்று போட்டால் நிற்கும்" என்றார். அந்த ஸ்டெபிலைசரும் அவரிடமே விற்பனைக்கு இருந்தது. மகன் மூன்று இரவு மீற்றர் வைத்து அளந்தான். 230 வோல்ட்டை ஒட்டியே நின்றது. அதைச் சொன்னபோது, ஸ்பீக்கர் பழசு என்றார். ஒலியைக் குறைத்தாலும் அடிக்கிறதே என்று கேட்டேன். வேறொரு வாடிக்கையாளரிடம் திரும்பிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கெல்லாம் இரண்டு நீலக் கோடுகள்தான் பதில்.

போன சனிக்கிழமை மதியம் கரண்ட் நின்றது. செற் போட்டபடியே இருந்தது. இருபது நிமிடத்தில் கரண்ட் வந்ததும் ஒரு பெரிய 'டும்', அதைத் தொடர்ந்து உறுமல். ஓடிப்போய்ப் பார்த்தால் வலப் பெட்டியின் வூஃபர், அதாவது பெரிய கூம்பு, முன்னால் தள்ளி, உள்ளே திரும்பாமல் அப்படியே நின்றது. வார்னிஷ் எரிந்த மணம். மனைவிதான் பிளக்கை இழுத்தார். அதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

அன்றைக்கே கடைக்குப் போனேன். "திருத்திய சாமானுக்கு வாரண்டி இல்லை அண்ணன், பில்லின் பின்பக்கத்தில் போட்டிருக்கிறதே" என்றார். அங்கேயே திருப்பிக் காட்டினேன். பின்பக்கம் வெறுமை. அவர் அதையும் பார்த்துவிட்டு, "வூஃபர் என்னிடம் ஒன்று இருக்கிறது, உங்களுக்கென்றால் 14,000" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்தேன். வாய் திறந்திருந்தால் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

இனி நேற்று மாலைக்கு வருகிறேன். உவர்மலையில் இருக்கும் அந்தப் பெரியவர் அந்தக் காலத்தில் வானொலிப் பெட்டி திருத்தியவர். இப்போது கடை இல்லை, தெரிந்தவர்களுக்கு மட்டும் பார்க்கிறார். பழுப்பு நிறப் பலகையைத் திருப்பி வைத்து ஒரு ஊசியால் காட்டினார். றிலேயின் கால்களுக்கு நடுவே நீல உறை போட்ட இரண்டு துண்டுக் கம்பி, பழைய தொலைபேசிக் கம்பி, ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகம் அளவு. ஒன்று இடப் பக்கத்துக்கு, ஒன்று வலப் பக்கத்துக்கு. பாலம். ஈயம் புதிதாகப் பளபளத்தது. மேலே இருந்த றிலே அதே பழைய றிலே. மூடி மஞ்சளாகி, உள்ளே தொடுமுனைகள் கறுத்துப் போயிருந்தன. ட்ரான்சிஸ்டர்களின் திருகாணிகளில் நாற்பது வருடத் தூசி அப்படியே படிந்திருந்தது. அடியில் பூசிய வெள்ளைப் பசை காய்ந்து பொருக்காகிக் கிடந்தது. ஒன்றையும் யாரும் கழற்றவேயில்லை.

ஆக, 23,500 ரூபாய்க்கு நடந்த வேலை இதுதான்: கறுத்த தொடுமுனையைச் சுத்தம் செய்யாமல், மாற்றாமல், கம்பி போட்டுத் தாண்டிவிட்டார். றிலேக்கு மின்சாரம் போகிறது, ஆகவே 'டிக்' என்று அடிக்கிறது. ஆனால் ஸ்பீக்கருக்குப் போகும் சத்தம் அதன் வழியாகப் போகவேயில்லை.

பெரியவர் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். இந்த மாதிரி செற்றுகளுக்குள் நேர் பக்கமும் மறை பக்கமுமாக இரண்டு மின்னழுத்தம் உண்டு. சுவிட்சைப் போட்டதும் இரண்டும் ஒரே சீராக எழும்பாது. ஸ்பீக்கர் முனை பூச்சியத்தில் நிலைகொள்ளச் சில செக்கன் பிடிக்கும். அந்தத் தள்ளாட்டம் ஸ்பீக்கருக்குப் போனால் அதுதான் 'டும்'. அது போகாமல் றிலே மூன்று முதல் ஐந்து செக்கன் வரை கதவைச் சாத்தி வைக்கும். என் செற்றில் அந்த வேலையைப் பார்ப்பது என்.இ.சி. தயாரித்த யுபிசி1237 என்ற எட்டுக்கால் சில்லு (ஐசி). அந்தக் காலத்து ஜப்பான் செற்றுகள் பலவற்றில் அதுதான் இருக்கும் என்றார்.

அந்தச் சில்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ட்ரான்சிஸ்டர் பழுதாகி ஸ்பீக்கர் முனையில் நேரோட்டம் (பற்றரியில் வருவது போன்ற டிசி மின்சாரம்) வந்தால், அதே கதவை உடனே சாத்திவிடும். சனிக்கிழமை என் செற்றில் ட்ரான்சிஸ்டர் போனது. சில்லு தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கும், றிலேயும் கதவைச் சாத்தியிருக்கும். ஆனால் பக்கத்தில் கம்பி இருக்கிறதே. 40 வோல்ட் நேரோட்டம் ஸ்பீக்கரின் 8 ஓம் சுருளுக்குள் போனால் 5 அம்பியர், 200 வாட், முழுக்கச் சூடு. ட்ரான்சிஸ்டர் எப்படியும் போயிருக்கலாம், அது வயது. ஸ்பீக்கர் போயிருக்கத் தேவையில்லை.

இன்னொன்றும் சொன்னார், அது என் பிழை. நாங்கள் சிடி பிளேயர், தொலைக்காட்சி, அம்பிளிஃபயர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் கொளுவி, சுவரில் ஒரே சுவிட்சில் போட்டு அணைப்போம். பாட்டுக் கருவிகளும் போடும்போது ஒரு துள்ளு துள்ளும். அம்பிளிஃபயர் ஏற்கெனவே விழித்திருந்தால் அதைப் பெருக்கி அனுப்பும். ஒலியைக் குறைத்தால் அந்த 'டப்' குறையும். குறைத்தும் குறையாமல் அடித்தால் கோளாறு ஒலிக் குமிழுக்குப் பின்னால், அம்பிளிஃபயரிலேயே. மகன் முதல் நாளே செய்த சோதனை. அதை நான் கடைக்காரரிடம் சொன்னபோது அவருக்கு விளங்காமல் இருந்திருக்காது.

விரிவாக எழுதுகிறேன் என்றேன். இரவு பதினொன்று தாண்டிவிட்டது, எழுத எழுத அந்த 23,500தான் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. ஆகவே அவசரமாகச் சில.

பாட்டுக் கருவிகளை முதலில் போடுங்கள், அம்பிளிஃபயரைக் கடைசியில். அணைக்கும்போது அம்பிளிஃபயர் முதலில். ஒரு சதம் செலவில்லை. கரண்ட் நின்றால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

திருத்தக் கொடுக்கும் முன் மூடியைத் திறந்து உள்ளே படம் எடுத்து வையுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கேளுங்கள். நான் கேட்டிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். எடுக்கப் போகும்போது செற் குளிர்ந்திருக்க வேண்டும், அரை மணித்தியாலமாவது அணைத்து வைக்கச் சொல்லுங்கள். அணைத்த சூட்டோடு போட்டால் 'டும்' பெரிதாகத் தெரியாது, சின்னப் பெட்டியில் கேட்கவும் கேட்காது. பாட்டை ஓடவிட்டுவிட்டுப் பிறகு செற்றைப் போடச் சொல்லுங்கள். 'டிக்' விழுமுன் சத்தம் வந்தால் காசைக் கொடுக்காதீர்கள்.

மீற்றர் இருந்தால் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு முனைகளில் நேரோட்ட வோல்ட்டை அளக்கச் சொல்லுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் என்றால் பயமில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கரைத் தொடுக்கவே வேண்டாம்.

பில்லின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். நாளைக் காலை நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கப்போகிறேன். வெறுமையாக இருக்கும் அந்தப் பின்பக்கமும், தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கும் இரண்டு நீலக் கம்பித் துண்டும் இப்போது மேசையில் இருக்கின்றன.