பழைய டேப், டிவிடி வீடியோக்களை அளவு மாற்றும்போது முகம் கோணாமல் இருக்க: நீண்டகாலப் பயன்பாட்டில் எஃப்எஃப்எம்பெக், ஹேண்ட்பிரேக்

மினிடிவி (MiniDV, கேம்கார்டரின் சிறிய கேசட்) டேப்பிலும் டிவிடியிலும் உள்ள கல்யாண வீடியோவை எம்பி4 ஆக்கினால் முகம் ஒடுங்கும், இல்லையென்றால் உப்பும். காரணம், அந்தப் பிஏஎல் (PAL, இந்தியாவின் பழைய டிவி தரம்) வீடியோவின் பிக்சல் சதுரமல்ல. 720×576 என்பது கணக்குப்படி 5:4. திரையிலோ அது 4:3 ஆகவோ 16:9 ஆகவோ விரிய வேண்டும். எப்படி விரிய வேண்டும் என்ற குறிப்பு கோப்புக்குள் இருக்கிறது. விஎல்சி பிளேயர் அதை மதிக்கிறது; யுஎஸ்பியில் செருகினால் பல டிவிகள் மதிப்பதில்லை. ஆகவே பார்ப்பதற்கான பிரதியைச் சதுரப் பிக்சலிலேயே எடுங்கள். மூலக்கோப்பை மட்டும் அழிக்காதீர்கள்.

பலர் 720ஐ அப்படியே 768 ஆக்கிவிடுகிறார்கள். இது 16:15 கணக்கு, அதாவது ஒரு பிக்சலின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். பிஏஎல் தரத்தில் 4:3 படம் உண்மையில் சுமார் 702 பிக்சலுக்குள் அடங்குகிறது. மீதி இருபுற ஓரம். 704 என்று வைத்துக்கொண்டு, இடமும் வலமும் 8 பிக்சல் வெட்டி, 768×576க்கு விரித்தால் 12:11 கணக்கு வரும். அடோபி மென்பொருள்களும் சிஎஸ்4 பதிப்பில்தான் 1.067இலிருந்து 1.094க்கு மாறின. 16:15க்கும் 12:11க்கும் வித்தியாசம் சுமார் 2.3 சதவீதம். சிறிதுதான், ஆனால் முகத்தில் தெரியும்.

எந்தக் கணக்கு என்று ஐயம் வந்தால், நேர் எதிரே நின்று எடுத்த சுவர்க்கடிகாரம் உள்ள ஒரு ஃபிரேமை எடுத்து அகலம், உயரம் இரண்டையும் அளந்து பாருங்கள். 200 பிக்சல் கடிகாரத்தில் 4, 5 பிக்சல் வேறுபடும். இருபுறமும் கருப்பு ஓரம் தெரிந்தால் 12:11 பக்கமே சாயலாம்.

கட்டளை தட்டி இயக்கும் வீடியோ மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கில் (FFmpeg) வரிசை முக்கியம். முதலில் டீஇன்டர்லேஸ், அதாவது ஒரு ஃபிரேமில் ஒற்றை வரி, இரட்டை வரி எனப் பின்னிய இரண்டு ஃபீல்டைப் பிரிப்பது (பிடபிள்யூடிஃப் (bwdif) ஃபில்டர் நன்றாக உழைக்கிறது), பிறகு ஓரம் வெட்டும் கிராப் 704:576:8:0, பிறகு அளவு மாற்றும் ஸ்கேல் 768:576, கடைசியில் பிக்சல் சதுரம் என்று குறிப்பெழுதும் செட்சார் (setsar) 1. இன்டர்லேஸ் பிரிக்காமல் உயரத்தை மாற்றினால் இரண்டு ஃபீல்டும் கலந்து, அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் போலக் கோடு விழும். பிறகு அதைத் திருத்தவே முடியாது.

செட்சாரை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நேரும் பிழை. ஸ்கேல் ஃபில்டர் பழைய திரை விகிதத்தைக் காப்பாற்றப் பார்க்கும். டிவிடியின் 16:15 குறிப்போடு 704ஐ 768 ஆக்கினால், அது 44:45 என்று புதுக் குறிப்பெழுதிவிடும். பிளேயர் படத்தை மறுபடி 751 பிக்சலுக்குச் சுருக்கும். செய்த வேலை வீண்.

வீடியோ மாற்றும் இன்னொரு மென்பொருளான ஹேண்ட்பிரேக் (HandBrake) எளிது, நாள்பட உழைக்கிறது. ஆனால் தானியங்கி கிராப்பை நம்ப வேண்டாம். இருட்டான காட்சிகள் நிறைந்த டேப்பில் தவறாக வெட்டும். அனமார்ஃபிக்கை (சதுரமல்லாத பிக்சலுக்கான அமைப்பு) கஸ்டமில் வைத்து 12:11 கொடுக்கலாம், ஆனால் வெளிவரும் கோப்பு சதுரப் பிக்சலாக இராது. டிவியில் போடத்தான் என்றால் எஃப்எஃப்எம்பெக்கே மேல்.

அகலத்திரை டேப் என்றால் 704ஐ 1024 ஆக்குங்கள். 4:3க்குள் மேலும் கீழும் கருப்புப் பட்டையோடு 16:9 படம் இருந்தால் அது வேறு கதை: மேலே 72, கீழே 72 வரி வெட்ட வேண்டும்; 16:9 குறிப்பு போட்டால் எல்லாரும் குள்ளமாகிவிடுவார்கள். விசிடியின் 352×288க்கு 384×288. எச்டிவி (HDV) டேப்பின் 1440×1080க்கு 1920×1080.

4:3 படத்தை ஃபுல் எச்டி ஆக்கும்போது 1440×1080தான் சரி. 1920 கட்டாயம் வேண்டுமென்றால் இருபுறமும் 240 பிக்சல் கருப்பு வையுங்கள், இழுக்காதீர்கள்.

ஏற்கெனவே மாற்றிய எம்கேவி கோப்பில் குறிப்பு மட்டும் தவறென்றால் மறுபடி என்கோட் செய்யத் தேவையில்லை. எம்கேவிடூல்நிக்ஸ் (MKVToolNix) என்ற மென்பொருளின் ஹெடர் எடிட்டரில் திரை அகலம், உயரம் இரண்டையும் திருத்திச் சேமித்தால் சில நொடியில் முடிந்துவிடும்.